நூற்றைம்பது சொற்களுக்குள்

விண்ணப்பத்தின் ஏழாவது பெட்டி கேட்கிறது:
கற்பித்தல் ஆர்வங்கள், ஆய்வு ஆர்வங்கள்.
நூற்றைம்பது சொற்களுக்குள்.
நாகமலைப் புதுக்கோட்டையில் மின்சாரம் போய் ஒரு மணி நேரம்.
மடிக்கணினியில் முப்பது சதவீதம் உயிர்.

அமெரிக்க இலக்கியம் என்று தொடங்கினேன்.
பத்தொன்பதாம் நூற்றாண்டு. அடிமை முறை.
உழைப்பு, உடல், நினைவு.
வாசித்துப் பார்த்தால்
யாரோ ஒருத்தியின் ஜாதகம் மாதிரி இருக்கிறது.
கட்டமெல்லாம் சரி. ஆளைக் காணோம்.

கௌரவ விரிவுரையாளருக்கு
மூன்று மாதமாகச் சம்பளம் ஏறவில்லை என்பதை
எந்தப் பெட்டியும் கேட்கவில்லை.

போன மாசியில் ஒரு கருத்தரங்கு.
ஓஹையோவிலிருந்து வந்த ஹெல்டன்
உளுந்த வடையை முள்கரண்டியால் வெட்டிக்கொண்டே கேட்டார்:
மதுரையில் இருந்துகொண்டு எதற்காக அமெரிக்கா?
நல்ல மனிதர். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.
எட்டு வருடமாக
அழகர் ஆற்றில் இறங்குவதை ஆராய்கிறார்.
தல்லாகுளத்தில் எதிர்சேவைக்கு நின்ற கூட்டத்தில்
ஒருவரும் அவரை எதற்காக என்று கேட்டதில்லை.
வெயிலுக்குப் பானகம் கொடுத்திருக்கிறார்கள்.

உலகளாவிய பார்வை, என்று ஏதோ சொல்லிச்
சட்னியைத் தொட்டுக்கொண்டேன்.

சொல்லியிருக்கலாம்:
நூலகத்தின் மூன்றாம் அடுக்கில்
கப்பலேறி வந்த பரிசுப் புத்தகங்கள் இருக்கின்றன,
கரையான் போக மிச்சம்.
எடுத்தவர் பெயர் எழுதும் சீட்டில்
என் கையெழுத்துக்கு மேலே இருப்பதும் என் கையெழுத்து.

அல்லது இதை:
அந்த நாட்டில் அண்ணன் தம்பி சுட்டுக்கொண்ட நாலு வருடமும்
திருமங்கலத்துக் கரிசலில் பருத்தி விலை ஏறிக்கொண்டே போனது.
துப்பாக்கி அங்கே வெடித்தது,
காய் இங்கே வெடித்தது.
எத்தனை பொதி, என்ன விலை, எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு.
எடுத்த கைகளுக்கு இல்லை.

ஆனால் இதெல்லாம் எனக்கே
வனப்பேச்சி வாய் திறந்த பிறகுதான் தோன்றியது.

இரண்டாம் ஆண்டு, மதியத்துக்கு மேல் முதல் வகுப்பு.
தப்பியோடிய ஒருவன் எழுதிய பக்கத்தைத்
தமிழில் விளக்கிக்கொண்டிருந்தேன்.
பருத்தி கொய்தார்கள், என்றேன்.
'பூவைத்தான் மிஸ் கொய்வாங்க.
பருத்திய எடுப்பாங்க.'
கள்ளிக்குடிப் பக்கத்துப் பிள்ளை. கடைசி பெஞ்சு.
சிலர் சிரித்தார்கள். நான் திருத்திக்கொண்டேன்.

ஒரு நாளைக்கு இருநூறு பவுண்டு, என்று மேலே வாசித்தேன்.
குறைந்தால் சவுக்கு.
'கிலோவுல எவ்வளவு மிஸ்?'
தொண்ணூறு. ஒன்று கூடவும் வரும்.

அவள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.
உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.
'எங்கம்மா விடியக்காலம் இறங்கி, நல்லா வெடிச்ச காட்டுல,
மடி நெறஞ்சு நெறஞ்சு கொட்டுனாலும்
முப்பது தாண்டாது.'
பிறகு, யாரிடம் என்றில்லாமல்:
'தொண்ணூறுன்னா
வெரல் இருந்திருக்காது.'

பத்து வருடமாக அந்த எண்ணை நடத்துகிறேன்.
இரண்டு மதிப்பெண் வினாவாகக்கூடக் கேட்டிருக்கிறேன்.
அதற்கு ஒரு எடை உண்டென்று
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நாளிதழ்த் தாளில் பொதிந்து
நாலு காய் கொண்டுவந்தாள், தோட்டோடு.
'எடுத்துப் பாருங்க மிஸ்.'
மேசைமேல் வைத்து எடுத்தேன்.
மூன்றாவது சுளையில் நகக்கண்ணில் ரத்தம்.
அவள் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

மின்சாரம் வந்துவிட்டது.
பெட்டியில் நூற்றுப் பன்னிரண்டு சொற்கள்.
ஆங்கிலத்தில் எழுத வேண்டும்;
எடுப்பதற்கும் கொய்வதற்கும்
அங்கே ஒரே சொல்தான்.
எல்லாவற்றையும் அழித்தேன்.
திரும்ப எழுதினேன். திரும்ப அழித்தேன்.
இரவு பன்னிரண்டுக்குக் கெடு முடிகிறது.

காளவாசலில் இறங்கிப்
பருத்திப்பால் வண்டி முன்னால் நின்று
சில்லறைக்குக் கைப்பையைத் துழாவியபோது
அடியில் கிடந்த அந்தத் தோடு
விரலில் ஏறியது.
'என்னக்கா ஆச்சு?' என்றார் கடைக்காரர்.
ஒன்றுமில்லை, என்றேன்.
இன்னும் சுக்குப் போடச் சொன்னேன்.